நுவரெலியாவில் குளிர்ந்த ஏசி அவிசாவளையில் அவிந்த கதை

கட்டுநாயக்கவில் இறங்கியது, பாதை, தங்குமிடம், சாப்பாடு எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடலாம். எழுத மிஞ்சியது வாடகைக்கு எடுத்த டபுள் கெப் வண்டியின் ஏசி ஒன்றுதான். நுவரெலியாவில் ஒரு கராஜில் காலையில் கேஸ் அடித்து, "ஐஸ் மாதிரி இருக்கு சேர், பயமில்லாமப் போங்க" என்று அனுப்பிய வண்டி அது. ஹட்டன், கினிகத்தேனை இறங்கிக் கித்துல்கல தாண்டும்போதே முனக ஆரம்பித்தது. அவிசாவளை டவுன் நெரிசலில் முழுசாகக் கைவிட்டது. கேஸ் குறைந்துபோய் அல்ல, கூடிப்போய்.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஏசி குளிரவில்லையா, கேஸ் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அடி. தலையிடிக்குச் சித்தாலேபை மாதிரி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வைத்தியம்தான்.

மலைநாட்டில் எதற்கு ஏசி என்று கேட்பவர்கள், மழை நாளில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இறம்பொடை மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். மூச்சுக்காற்றிலும் நனைந்த உடுப்பிலும் இருக்கிற ஈரம் முழுக்கக் கண்ணாடியின் உட்பக்கம் படியும். அந்தக் காலத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் வேலையே பழைய பேப்பரால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவதுதானே. ஏசி போட்டால் அந்த ஈரம், உள்ளே காற்றைக் குளிராக்கும் எவாபரேட்டரில் தண்ணீராகச் சொட்டி வெளியே போய்விடும். ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் இரண்டு நிமிடத்தில் தெளியும். இதற்கு ஏசி அரைகுறையாக வேலை செய்தாலே போதும். அதனால்தான் அங்கே அதன் பழுது வெளியே தெரிவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த ஏசியில் ஓடும் ஆர்134ஏ கேஸின் பிரஷர் வெளிச்சூட்டோடு ஏறி இறங்கும். எஞ்சின் நிற்கும்போது, 15 பாகையில் கேஜ் ஏறக்குறைய 55 பிஎஸ்ஐ காட்டும்; 30 பாகையில் 97 வரை போகும். ஓடும்போதும் இதே கதைதான். கொழும்பு வெயிலில் சரியான அளவு கேஸ் இருந்தால், எஞ்சினை 1500 சுற்றில் வைத்துப் பார்க்கையில் சிவப்புக் கேஜில் (மேல் பிரஷர்) 200 முதல் 250, நீலக் கேஜில் (கீழ் பிரஷர்) 25 முதல் 40 வரும். அதே வண்டி 18 பாகைக் குளிரில் நின்றால் சிவப்பு முள் 120, 140க்கு மேல் ஏறாது, ஏறவும் கூடாது. ஆனால் கொழும்பில் தொழில் பழகியவர் மனதில் 200 என்ற எண் பதிந்திருக்கிறது. முள் அங்கே வரும்வரை அடிக்கிறார். மிஞ்சிய கேஸ் திரவமாகிக் கொண்டென்சரின் அடிக்குழாய்களை நிரப்பிவிடுகிறது. சூட்டை வெளியே விடவேண்டிய இடம் பாதியாகிறது. குளிரில் இது தெரியாது. இறங்கி வந்து 33 பாகை வெயிலில் லொறிக்குப் பின்னால் ஊரும்போது பிரஷர் 450 பிஎஸ்ஐயைத் தொடுகிறது. பிரஷர் சுவிட்ச், கேஸை அமுக்கும் கொம்ப்ரஷரை வெட்டிவிடுகிறது.

இதைக் கேஜ் இல்லாமலே பிடிக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகி, கொம்ப்ரஷர் கிளச் 'டக்' என்று விட்டு, ஓரிரு நிமிடம் கழித்துத் திரும்பப் பிடித்தால் அது மேல் பிரஷர் பிரச்சினை. சில விநாடிக்கு ஒருமுறை டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் கேஸ் குறைவு. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று கட்டாயம் மோசமாகும்.

குளிர் ஊரில் நின்று ஏசி சோதிப்பதே வெயிலில் குடை விரித்து, ஒழுகவில்லை என்று சொல்வது போலத்தான். வெளியே 18 பாகை இருக்கும்போது துவாரத்தில் 6 பாகை வருவதில் என்ன பெருமை?

கேஸ் அடிக்கும் முன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி வெக்கியூம் எடுப்பதில் இன்னொரு குழி இருக்கிறது. பம்ப் ஓடினால் கொழும்பில் முள் 29 அங்குலப் பாதரசத்துக்குக் கிட்டப் போகும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம்; அங்கே காற்றழுத்தமே சுமார் 24 அங்குலம்தான். எவ்வளவு நல்ல பம்ப் என்றாலும் முள் அதைத் தாண்டாது. ஹட்டனில் இருபத்தைந்தரைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இது தெரியாமல் லீக் என்று நினைத்துக் குழாயைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. இதைவிட மோசம், பம்ப் சரியில்லை என்று பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவது. குழாய்க்குள் இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாக வேண்டும்: 30 பாகையில் அழுத்தம் 32 மில்லிமீற்றர் பாதரசத்துக்கு இறங்கினால் போதும், 15 பாகையிலோ 13க்குக் கீழே போக வேண்டும். ஆகவே குளிரில் பத்து நிமிட வெக்கியூம் கணக்கில் சேராது. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, முடிந்தால் நடுப்பகலில், குறைந்தது 45 நிமிடம். பிறகு வால்வை மூடி 20 நிமிடம் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே மிஞ்சிய அழுத்தத்தையே நேராக அளக்கும் மைக்ரோன் கேஜ் இருந்தால் உயரத்தைப் பற்றிய கவலையே இல்லை. 1000க்குக் கீழே இறங்கி நின்றால் சரி. ஈரம் மிஞ்சினால், கேஸை எவாபரேட்டருக்குள் விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வ் வாயில் ஐஸ் கட்டி, இருபது நிமிடம் குளிர்ந்து பிறகு நின்றுபோகிற மாய நோய் வரும்.

அவிசாவளையில் கிடைத்தது எதிர்பாராத வைத்தியர். வீதியோரத் தகரக் கொட்டில், பக்கத்து றப்பர் தோட்டத்துத் தம்பி. கேஜைப் பூட்டும் முன் பொனட்டின் உட்பக்கம் கிரீஸ் பிடித்த லேபலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அந்த வண்டிக்குப் போட வேண்டிய கேஸ் 550 கிராம் என்று இருந்தது. சின்ன ரிகவரி மெஷினால் கேஸை வெறும் சிலிண்டருக்கு எடுத்து, மரக்கறிக் கடைத் தராசில் வைத்தார்: 790. "அண்ணே, இது ஏசி இல்ல, குண்டு" என்றார். கொண்டென்சர் பற்களில் அடைந்திருந்த செம்மண்ணை மெதுவான தண்ணியில் பின்பக்கமிருந்து கழுவி, வெக்கியூம் போட்டு, 550ஐத் தராசில் நிறுத்துப் போட்டார். நெரிசலிலேயே சிவப்பு 230, நீலம் 32.

லண்டனில் இதை ஒரு பெட்டி செய்யும். எடுத்தது இத்தனை கிராம், போட்டது இத்தனை என்று சீட்டும் தரும். அந்தப் பெட்டி பழுதானால் கையால் குழாயைத் தொட்டுச் சொல்ல அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். இந்தத் தம்பி தொட்டே சொன்னார். தடித்த குழாய் வியர்த்துச் சில்லென்று இருக்க வேண்டும், மெல்லியது இளஞ்சூடாக. ஆனால் நுவரெலியாக் கராஜில் பழைய கேஸை 'புஸ்' என்று காற்றில் விட்டதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்134ஏ 1430 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். லண்டனில் அது குற்றம், இங்கே அது வழமை.

கேஸ் உண்மையாகவே குறைந்திருந்தால், எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். நைதரசன் 150 பிஎஸ்ஐ விட்டுச் சவர்க்கார நுரை பூச வேண்டும். டயர் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: கல் அடிபடும் கொண்டென்சரின் கீழ் மூலை, குழாய் மூட்டு ஓ-ரிங், கொம்ப்ரஷர் முன் சீல், மூடி தொலைந்த சேர்விஸ் வால்வ். ஓட்டை அடைக்கும் திரவம் கலந்த டின் வேண்டவே வேண்டாம். அது எக்ஸ்பேன்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும். கொண்டென்சர் மாற்றினால் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, கழற்றியதில் இருந்து வடிந்த அளவு எண்ணெயைப் புதிதாக ஊற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்பது கொம்ப்ரஷர் லேபலில் இருக்கும்.

மேட்டில் மட்டும் சூடாகிப் பள்ளத்தில் குளிரும் வண்டிக்குக் கேஸே காரணமில்லாமல் இருக்கலாம். டீசல் கெப்களில் எஞ்சின் சூடு ஏறினால் கொம்ப்ரஷர் தானாக வெட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே பெரிய ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தால் அதை எஞ்சினோடு பிடிக்கும் விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது. காற்று மெல்ல மெல்லக் குறைந்து, அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் சரியாகிறதா? எவாபரேட்டரில் ஐஸ், அதன் குளிரை அளக்கும் தெர்மிஸ்டரைப் பாருங்கள், கேபின் ஃபில்டரையும். இடதுபக்கக் கால் விரிப்பு நனைந்தால் வடிகுழாயில் சருகு அடைத்திருக்கும். சைக்கிள் கம்பி போதும்.

இன்னொன்று, வெளியிலிருந்து வண்டி இறக்குகிறவர்களுக்கு. 2017 முதல் ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் இருப்பது ஆர்134ஏ அல்ல, பெரும்பாலும் ஆர்1234வைஎஃப். அதை ஏற்றும் வாயும் வேறு, கேஸும் வேறு. ஒன்றுக்கு மற்றது சரிவராது.

அந்தத் தம்பி கடைசியில் செய்த காரியம்: ரேடியேட்டருக்கு மேலுள்ள இரும்புப் பட்டையில் வெள்ளை மார்க்கரால் '550' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் திகதியும் போட்டார். "அடுத்த தடவ மேல போய் அடிச்சாலும் இதப் பார்த்து அடிக்கச் சொல்லுங்க" என்றார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகைக்காரர் அதைப் பார்த்து, யார் கிறுக்கியது என்று கேட்டார்.