கார்டை மாற்றப் போய் மானிட்டரை மாற்றினேன்: நாலரை வருட வி.ஆர்.ஆர். அனுபவம்

ஊரடங்கு தளர்ந்து பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகள் மறுபடி திறந்திருந்த 2021 ஜூலையில், நான் கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தான் போனேன். வீட்டில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். கனமான கேம் என்றால் நொடிக்கு 60 பிரேமைத் (கார்டு வரையும் படங்களை) தொடும், அடுத்த நொடி 48க்கு இறங்கும், மறுபடி ஏறும். என் பழைய 22 அங்குல, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரில் அந்த ஏற்ற இறக்கம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். கார்டை மாற்றினால் தீரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது சிப் தட்டுப்பாட்டுக் காலம். போதாததற்கு கிரிப்டோ மைனிங் வேறு. கார்டெல்லாம் யானை விலை, குதிரை விலை.

வழக்கமாகப் போகும் கடைக்கார அண்ணன் தர்மபுரிக்காரர். "இந்த விலைக்குக் கார்டு வாங்காதம்மா. உன் கார்டு நல்ல கார்டுதான். ஸ்கிரீனை மாத்திப் பாரு, அப்புறம் வந்து சொல்லு" என்றார். விற்கக்கூடிய பொருளை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று 16,500 ரூபாய்க்கு 24 அங்குல, வளைந்த, 165 ஹெர்ட்ஸ் வி.ஏ. பேனல் (கறுப்பை ஆழமாகக் காட்டும் திரை வகை) மானிட்டர் ஒன்றை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அல்சூர் வந்து சேர்ந்தேன். 2024 ஜனவரியில் அதை மாற்றி 27 அங்குல, 1440பி, ஐ.பி.எஸ். (இன்னொரு திரை வகை) மானிட்டர் வாங்கினேன். கார்டு மட்டும் இன்றும் அதே 1660 சூப்பர்தான்.

165 ஹெர்ட்ஸ் என்பதற்காக இதை எழுதவில்லை. என் கார்டு கனமான கேம்களில் 165ஐத் தொட்டதே இல்லை. என் அனுபவத்தை மாற்றியது திரை பிரேமுக்காகக் காத்திருந்ததுதான். இதற்குத்தான் வி.ஆர்.ஆர். (வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட்) என்று பெயர்.

அது என்ன காத்திருப்பு? சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரை, நேரம் தவறாத அரசு பஸ் மாதிரி. 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கிளம்பியே தீரும். கார்டு அதற்குள் புதுப் படத்தை முடித்திருந்தால் ஏறிக்கொள்ளும். இல்லையென்றால் பழைய படத்தோடு பஸ் போய்விடும். 17ஆவது மில்லிசெகண்டில் ஓடி வந்த படம் அடுத்த பஸ்ஸுக்காக நிற்கும், 33 மில்லிசெகண்ட் ஆகிவிடும். படத்தை இப்படித் திரையின் நேரத்துக்காகக் காக்க வைக்கும் வி-சிங்க் அமைப்பைப் போட்டால் நாம் பார்க்கும் திக்கல் இதுதான். வி-சிங்க்கை அணைத்தால் பாதி வழியில் ஓடி ஏறுகிற கதை. திரையின் மேல் பாதியில் பழைய படம், கீழ்ப் பாதியில் புதுப் படம், நடுவே ஒரு கிழிசல். வி.ஆர்.ஆர். திரையோ ஷேர் ஆட்டோ. ஆள் ஏறிய பிறகுதான் கிளம்பும். கார்டு 17 மில்லிசெகண்ட் எடுத்தால் 17, 14 எடுத்தால் 14. கிழிசலும் இல்லை, வீண் காத்திருப்பும் இல்லை.

ஆனால் ஷேர் ஆட்டோவும் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையைப் பற்றித்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பின்னால் வருகிறேன்.

முதல் நாள் இரவு ஏமாற்றத்தில்தான் தொடங்கியது. பழைய எச்.டி.எம்.ஐ. கேபிளையே புது மானிட்டரில் மாட்டினேன். என் கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியாவின் கன்ட்ரோல் பேனலில், அவர்கள் வி.ஆர்.ஆருக்கு வைத்த பெயரான ஜி-சிங்க் பகுதியே வரவில்லை. காரணத்துக்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். என்விடியா 2013இல் ஜி-சிங்க்கைக் கொண்டுவந்தபோது மானிட்டருக்குள் அவர்களுடைய தனிச் சில்லு இருக்க வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். அடுத்த ஆண்டு போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. தன் வழியாக ஃபிரீசிங்க்கை அறிவித்தது. அதே 2014இல் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பின் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ்-சிங்க் என்ற பொது வழியும் சேர்ந்தது. 2019 ஜனவரியில்தான் என்விடியா தன் 10 தொடர் கார்டுகளிலிருந்து அந்தப் பொது வழியை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் குறைந்த விலை ஃபிரீசிங்க் மானிட்டரை என்விடியா கார்டோடு சேர்க்க முடிகிறது. ஆனால் அது டிஸ்ப்ளேபோர்ட் வழியாக. என் மானிட்டரின் எச்.டி.எம்.ஐ. துளையில் இருந்தது ஏ.எம்.டி.யின் சொந்த முறை, என்விடியா கார்டு அதைக் கண்டுகொள்ளாது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டியிலேயே, தெர்மோகோலுக்கு அடியில் கிடந்தது.

கேபிளை மாற்றினேன். அப்போதும் வரவில்லை. மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ்-சிங்க் அணைந்தே இருந்தது, அதைப் போட்டேன். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்றே நின்றிருந்தது, அதை 165 ஆக்கினேன். இந்த மூன்று இடத்தையும் எல்லோரும் பார்த்துவிடுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் எட்டு மாதம் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60இல் ஓட்டியிருந்தான். கார்டு சரியில்லை என்று அவன் அப்பாவிடம் திட்டும் வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றிக் கொடுத்தேன், அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

எல்லாம் சரியானதும் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐத் திறந்தேன். அதில் செயின்ட் டெனி நகருக்குள் குதிரையில் நுழையும் இடம் என் கார்டுக்குக் கஷ்டமான இடம். வெட்டவெளியில் 65 ஓடுவது நகருக்குள் 52க்கு விழும். பழைய திரையில் அந்த இடத்தில் குதிரை தட்டுத் தடுமாறி நடப்பது போலிருக்கும். புதுத் திரையிலும் ஓரத்தில் எண் அதே 52தான் காட்டியது. ஆனால் குதிரை ஒரே சீராக நடந்தது. டிராம் கம்பிகள், ஈரத் தரையில் விளக்குகள், எதிலும் கிழிசல் இல்லை. வந்த வேலையை மறந்து அரை மணி நேரம் அந்த நகரத்தையே சுற்றினேன். கார்டில் ஒரு பிரேம்கூட கூடவில்லை, ஆனால் புதுக் கார்டு போட்டது போலிருந்தது.

இப்போது குறைக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டரை வருடம் அதோடு வாழ்ந்திருக்கிறேன். 2022இல் எல்டன் ரிங் வந்தபோது இருட்டான குகைக் காட்சிகளிலும் லோடிங் திரையிலும் மானிட்டர் மினுக்க ஆரம்பித்தது. முதலில் என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அம்மா பால் கொண்டுவந்து வைத்தவள், "என்னடி இது, ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி மினுங்குது" என்றாள். அம்மா சொன்ன உவமைதான் சரி.

நடப்பது இதுதான். என் மானிட்டரின் வி.ஆர்.ஆர். எல்லை 48 முதல் 165 வரை. 48க்குக் கீழே பிரேம் விழுந்தால் மானிட்டரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. எனவே ஒரே படத்தை இரண்டு முறை காட்டும். 40 பிரேம் என்றால் திரை 80 ஹெர்ட்ஸில் ஓடும். இதற்கு எல்.எஃப்.சி. என்று பெயர், நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேம் 47க்கும் 49க்கும் நடுவே ஊசலாடினால் திரை 94 ஹெர்ட்ஸுக்கும் 49 ஹெர்ட்ஸுக்கும் தாவித் தாவி ஓடும். வி.ஏ. பேனலில் அடர் சாம்பல் நிறங்களின் வெளிச்சம் அந்த வேகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம்தான் மினுக்கம். வெயில் காட்சியில் தெரியாது, குகைக்குள் போனால் கண் கூசும். லோடிங் திரையில் பிரேம் எண்ணிக்கை எகிறிக் குதிப்பதால் அங்கே இன்னும் மோசம்.

மினுக்கத்தோடு எப்படிக் காலம் தள்ளினேன் என்றால், கேம் எதுவானாலும் 55க்குக் கீழே விழாதபடி நிழல், புல், பிரதிபலிப்பு மூன்றையும் குறைத்துவிடுவேன். எண்பது சதவீதம் அடங்கிவிடும். மிச்சத்துக்கு அந்த ஒரு கேமில் மட்டும் வி.ஆர்.ஆரை அணைத்தேன். எல்டன் ரிங் எப்படியும் 60க்கு மேல் போகாது, கேமிலேயே பூட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த கேம் வந்த புதிதில் கம்ப்யூட்டரில் நடுநடுவே ஒரு நொடி உறைந்து நிற்கும். அதை எந்த மானிட்டராலும் சரிசெய்ய முடியாது. வி.ஆர்.ஆர். 15 மில்லிசெகண்டுக்கும் 20 மில்லிசெகண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கும். ஒரு படமே 100 மில்லிசெகண்ட் தாமதமாக வந்தால் அதையும் அப்படியே தாமதமாகத்தான் காட்டும்.

2024இல் இரண்டாவது மானிட்டர் வாங்கப் போனபோது என் கேள்விகளே மாறியிருந்தன. எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்கவில்லை. கீழ் எல்லை எவ்வளவு, என்ன பேனல், இருட்டுக் காட்சி ஒன்றை ஓட்டிக் காட்டுவீர்களா என்று கேட்டேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது மேல் எண்ணைத்தான். கீழ் எண்ணை அநேகமாகப் போடுவதே இல்லை. ஆனால் நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கீழ் எண்தான் தினமும் வேலை செய்வது. மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் எல்.எஃப்.சி.யும் ஓடும். 48–75 என்று வரும் விலை குறைந்த மானிட்டர்களில் 40 பிரேமை இரட்டிப்பாக்கினால் 80, அது எல்லைக்கு வெளியே. சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில் அவை கைவிட்டுவிடும்.

இப்போது இரண்டு வருடமாக ஐ.பி.எஸ். பேனல். 21,000 ரூபாய் ஆனது. மினுக்கம் கிட்டத்தட்ட போய்விட்டது. லோடிங் திரையில் எப்போதாவது லேசாகத் தெரியும், அம்மா கண்ணுக்குக்கூடப் படாது. இழந்தது கறுப்பு. வி.ஏ. திரையில் இரவு வானம் மையிருட்டாக இருக்கும், இங்கே விளக்கை அணைத்துப் பார்த்தால் சாம்பல் பூசியது போலிருக்கும். மானிட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுக்கொள்கிறேன், உறுத்தவில்லை. 1440பி ஆனதால், அதாவது வரைய வேண்டிய புள்ளிகள் கூடியதால், என் கார்டு இன்னும் திணறுகிறது, ஃபோர்சா ஹொரைசன் 5 போன்றவை 55 முதல் 70 வரை ஊசலாடும். வி.ஆர்.ஆர். இல்லாத திரையில் இதை நான் சகித்திருக்க மாட்டேன். இந்தத் திரையில் வாரம் மூன்று இரவு விளையாடுகிறேன்.

ஓவர்டிரைவ் (திரைப் புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மானிட்டர் மெனுவில் அதிகபட்ச வேகம் வைத்தால் 165 ஹெர்ட்ஸில் நன்றாக இருக்கும். 60 அருகே இறங்கும்போது அதே அமைப்பு ஓடும் காருக்குப் பின்னால் வெளுப்பான வால் ஒன்றை இழுக்கும். ஜி-சிங்க் தனிச் சில்லு உள்ள மானிட்டர்கள் வேகத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும். என்னுடையது அப்படி இல்லை. நடு அமைப்பில் வைத்துவிட்டேன், எல்லா வேகத்திலும் ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது.

தம்பி வேலரன்ட் ஆடுபவன். அதில் இதே கார்டு 200 பிரேமைத் தாண்டும். அப்போது மானிட்டரின் மேல் எல்லையைக் கடந்துவிடுவதால் வி.ஆர்.ஆர். வேலையே செய்யாது, கிழிசல் திரும்பி வரும். "அக்கா, எனக்கு இதெல்லாம் வேண்டாம், வேகம்தான் வேணும்" என்று அணைத்துவிட்டு ஆடுவான், போட்டிக்கு ஆடுபவனுக்கு அது சரிதான். நான் ஆடினால் ஜி-சிங்க், கன்ட்ரோல் பேனலில் வி-சிங்க், கேமில் ரிஃப்ளெக்ஸ் (என்விடியாவின் தாமதக் குறைப்பு அமைப்பு) மூன்றையும் போடுவேன். பிரேம் தானாக 158 அருகே நின்றுகொள்ளும். ரிஃப்ளெக்ஸ் இல்லாத கேம்களில் 160இல் கையால் பூட்டுகிறேன்.

படம் பார்ப்பதில் ஒரு நல்ல விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. சினிமா 24 பிரேம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று வரும், கேமரா மெதுவாகத் திரும்பும்போது குலுங்கும். 165ஐயும் 24ஆல் வகுக்க முடியாது. ஞாயிறு இரவு அம்மாவோடு படம் பார்க்கும்போது மட்டும் 120க்கு மாற்றிவிடுகிறேன், ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து முறை.

பிளேஸ்டேஷன் 5க்காக மானிட்டர் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் அதில் வி.ஆர்.ஆர். வந்தது, ஆனால் அது எச்.டி.எம்.ஐ. 2.1இன் முறை. பெட்டியில் ஃபிரீசிங்க் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. தம்பியின் நண்பன் தன் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து என் பழைய வளைவு மானிட்டரில் மாட்டிப் பார்த்தான், வேலை செய்யவில்லை.

ஓஎல்இடி மானிட்டர்களையும் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் கறுப்புக்கு மனம் ஏங்குகிறது. ஆனால் அவற்றிலும் பிரேம் எகிறும்போது இருட்டுக் காட்சி மினுக்குகிறது. அதற்கு ஈடுகொடுக்கும் கார்டு என்னிடம் இல்லாதவரை வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். பழைய வி.ஏ. மானிட்டரை 7,000 ரூபாய்க்கு அந்தத் தெருப் பையனே வாங்கிக்கொண்டான். அவன் விளையாடும் ஃபுட்பால் கேம் 60க்குக் கீழே இறங்குவதில்லை. அவன் வீட்டில் அது மினுக்கவே இல்லையாம்.