சின்ன கிளேடா, டேஞ்சரஸ் கிளேடா? அகெய்ன்ஸ்ட் தி ஸ்டார்ம் புதிதாக ஆடுபவர்களுக்கு ஓர் அலசல்

அகெய்ன்ஸ்ட் தி ஸ்டார்ம் என்ற ஊர் கட்டும் கணினி ஆட்டத்தில் என் முதல் ஊர் பசியால் அழியவில்லை. கிடங்கில் பெர்ரி மலைபோல் குவிந்து கிடந்தது, எல்லோருக்கும் கூரை இருந்தது, பாதையைக்கூட ரசித்து ரசித்து நேர்க்கோட்டில் போட்டிருந்தேன். ஊர் கட்டச் சொல்லி அனுப்பிய ராணிக்குத்தான் பொறுமை தீர்ந்துபோனது. சிவப்பு பார் நிரம்பியது, ஆட்டம் முடிந்தது. எந்தத் தப்பும் பண்ணவில்லையே என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, எதுவுமே பண்ணாததுதான் தப்பு.

எரமைட் கேம்ஸ் என்ற போலந்து ஸ்டூடியோ செய்த ஆட்டம் இது. முழுப் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. வழக்கமான ஊர் கட்டும் ஆட்டங்களில் பழகியவர்கள் (நானும்தான்) இதில் முதல் சில ஊர்களில் அடி வாங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: அங்கே நிதானம் காப்பாற்றும், இங்கே நிதானமே கொல்லும். நீல பார் உங்கள் ரெப்யூட்டேஷன், அதாவது நற்பெயர், சிவப்பு பார் ராணியின் எரிச்சல். நீலம் நிரம்பினால் வெற்றி, சிவப்பு நிரம்பினால் தோல்வி. சிவப்பு தானாகவே ஏறிக்கொண்டிருக்கும், நீலத்தை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். நீலம் ஏறும்போது சிவப்பு கொஞ்சம் இறங்கவும் செய்யும். கீழே நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கு இந்த இரண்டு பார்தான் காரணம்.

பெரிய கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஊரைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் ஆங்காங்கே மூடிக்கிடக்கும் வெட்டவெளிகள், அவைதான் கிளேடுகள். சின்ன கிளேடில் ஆபத்து கிடையாது, கொஞ்சம் பெர்ரியோ களிமண்ணோ இருக்கும், அவ்வளவுதான். டேஞ்சரஸ் கிளேடில் பெரிய வளத் திட்டுகள், கைவிடப்பட்ட பெட்டகங்கள் எல்லாம் கிடைக்கும், கூடவே ஒரு பிரச்சினையும் உட்கார்ந்திருக்கும். திறந்த நொடியிலிருந்து அதற்குக் கடிகாரம் ஓடும். நேரத்துக்குள் ஆளையும் பொருளையும் அனுப்பித் தீர்க்கவில்லை என்றால் ஊருக்குக் கேடு.

புதிதாக வருபவர் கண்ணை மூடிக்கொண்டு சின்னதைத்தான் திறப்பார். நானும் முதல் ஊரில் வரிசையாகச் சின்னதாகவே திறந்தேன். ஆனால் சின்ன கிளேடு இலவசம் இல்லை. எதைத் திறந்தாலும் காட்டின் பகை (காடு ஊர்மேல் வைத்திருக்கும் கோபத்தின் அளவு) ஏறும், பகை ஏறினால் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் வரும் புயல் காலத்தில் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். அதாவது கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டு அரை மூட்டை நெல்லோடு வீடு திரும்புகிற கதை. அதனால் என் தேர்வு, முதல் வருடமே ஒரு டேஞ்சரஸ் கிளேடு. பயமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஃபார்பிடன் கிளேடை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது இன்னும் பெரிய தலைவலி.

திறப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. மரம்வெட்டிகளைச் சும்மா விட்டால் அவர்கள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போய்ப் புயலுக்கு நடுவில் ஏதாவது ஒரு கிளேடைத் திறந்து வைத்துவிடுவார்கள். அவர்களுடைய முகாமிலேயே கிளேடு ஓரத்தைத் தவிர்க்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது, முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். பிறகு உங்களுக்குத் தோதான நேரத்தில், வருடத்தின் முதல் பருவமான தூறல் காலத்தின் தொடக்கத்தில் என்றால் ரொம்ப நல்லது, கடைசி மரத்தைக் குறித்துக் கொடுத்துத் திறக்கலாம். திறந்ததும் பாஸ் போடுங்கள், அதாவது ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள். பிரச்சினையைத் தீர்க்க என்ன பொருள் வேண்டும், எத்தனை பேர் வேண்டும், தவறினால் என்ன ஆகும், எல்லாம் திரையிலேயே இருக்கும். பாஸில் இருக்கும்போதே கட்டடம் வைக்கலாம், ஆளை மாற்றலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். இந்த ஆட்டத்தில் நான் பாஸில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்தது, நீல பாரை எதை வைத்து ஏற்றுவது? ஆர்டரா, ரிசால்வா?

ஆர்டர் என்பது ராணியின் கட்டளை. இவ்வளவு பலகை கொடு, இத்தனை கிளேடு திற என்கிற மாதிரி வரும். முடித்தால் ரெப்யூட்டேஷனும் வரும், கையில் ஏதாவது பொருளும் வரும். ரிசால்வ் என்பது ஊர்க்காரர்களின் மனத்தெம்பு. ஓர் இனத்தின் தெம்பு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிவிட்டால் நீல பார் சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கும். ஆர்டர் சீக்கிரம் கைக்கு வரும், ஆனால் அடுத்து என்ன வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ரிசால்வ் தாமதமாகத்தான் வரும், ஆனால் பிடித்துவிட்டால் கடைசிப் புள்ளிகளை அதுவே இழுத்துப்போட்டுவிடும். ஒரே இனத்தையே கறந்துகொண்டிருக்கவும் முடியாது, ஒவ்வொரு முறை புள்ளி கிடைத்ததும் அந்த இனத்துக்கான எல்லை உயரும்.

என் கணக்கில் முதல் பாதி ஆர்டர், பின்பாதி ரிசால்வ். இரண்டையும் முதல் நாளே பிடிக்கப் பார்த்தால் இரண்டும் நழுவும். கூடவே பெட்டகங்களையும் மறந்துவிடாதீர்கள். அவற்றைத் திறந்து பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது ராணிக்கு அனுப்பிப் புள்ளி வாங்கலாம். நான் முதல் பெட்டகத்தை மட்டும் வைத்துக்கொள்வேன், அதற்கப்புறம் கிடைப்பதெல்லாம் ராணிக்கே.

ரிசால்வுக்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஒரு ஊரில் மனிதர்கள், பீவர்கள், பல்லிகள் என்று மூன்று இனம். பிஸ்கட் கொஞ்சம்தான் தயாராகிக்கொண்டிருந்தது, மனிதரும் பீவரும் பங்குபோட்டுத் தின்றார்கள், இரண்டு இனமுமே எல்லைக்கு ஒரு முழம் கீழேயே நின்றது. யாருக்கு எது கிடைக்கலாம் என்று கட்டுப்படுத்தும் நுகர்வுப் பலகத்தில் போய் மனிதர்களுக்கு பிஸ்கட்டை நிறுத்திவிட்டேன். பாவம்தான். ஆனால் முழுப் பங்கும் கிடைத்ததும் பீவர்கள் எல்லையைத் தாண்டினார்கள், நீல பார் நகர ஆரம்பித்தது. எல்லோரையும் அரைகுறையாகத் திருப்திப்படுத்துவதைவிட ஓர் இனத்தை முழுசாக மகிழ்விப்பது இங்கே லாபம்.

ப்ளூபிரின்டுகளை, அதாவது புதுக் கட்டடங்களைக் கட்டும் உரிமைகளை, வந்தவுடனே எடுப்பதா, தள்ளிப்போடுவதா? தள்ளிப்போடுங்கள். எந்தக் கட்டடம் வேண்டும் என்று ஆட்டம் கேட்கும், பதில் சொல்லியே ஆகவேண்டும்போலத் தோன்றும், ஆனால் அந்தத் தேர்வு காத்திருக்கும். தானியமே இல்லாத காட்டில் மாவு மில்லை எடுத்துவைத்துக்கொண்டு முழித்த அனுபவம் எனக்கு உண்டு. முதல் கிளேடைத் திறந்து என்ன விளைகிறது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும், அதுவரை க்ரூட் வொர்க்ஸ்டேஷன் என்ற எளிய பட்டறையே பலகை, துணி, செங்கல் என்று சமாளித்துத் தரும். மெதுவாகத்தான் தரும். ஆனாலும் தரும்.

புயல் காலத்தில் மரம்வெட்டிகளை வேலையில் வைத்திருப்பதா, இறக்கிவிடுவதா என்பதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. வேலையில் இருக்கும் ஒவ்வொரு மரம்வெட்டிக்கும் காட்டின் பகை ஏறுகிறது, புயலில்தான் அந்தப் பகை ஊரைக் கடிக்கிறது. அதனால் புயல் தொடங்கும் முன்பே அடுப்புக்கு விறகைச் சேர்த்து வைத்துவிட்டு அவர்களை இறக்கிவிடுங்கள், சில சமயம் அதிலேயே பகை ஒரு படி இறங்கி ஒரு கெட்ட விளைவு அணைந்துவிடும். ரிசால்வ் பூஜ்யத்துக்குப் போனால் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், ஆள் போனால் ராணிக்கு இன்னும் கோபம். இதில் ஒரு வேடிக்கை, ராணியின் கோபம் ஏற ஏறக் காட்டின் பகை கொஞ்சம் குறையும். அதனால் சிவப்பு பார் பாதிக்கு வந்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

எல்லாவற்றையும் நாமே செய்வதா, வாங்கிக்கொள்வதா? தொடக்கத்தில் வாங்குங்கள். மீந்த பொருளை மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் தள்ளி ஆம்பர் (இந்த ஆட்டத்தின் பணம்) வாங்கி, ஒரு கட்டடத்துக்கு இரண்டே இரண்டு குழாய் குறைகிறது என்றால் அதை வாங்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வியாபாரியை முன்கூட்டியே கூப்பிடவும் முடியும், ஆனால் சிவப்பு பார் ஏறும், அவசரம் என்றால் மட்டும்.

கடினநிலையில் மிக எளிதான செட்லரா, அதற்கு அடுத்த பயனியரா என்றால், செட்லரில் ஓர் ஊர், அதிகம் போனால் இரண்டு, அப்புறம் பயனியர். செட்லரில் மெதுவாக ஆடினாலும் ஜெயித்துவிடலாம், அதுவே கெட்ட பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். பயனியரில் ஓர் ஊர் போனாலும் அனுபவப் புள்ளிகள் கொஞ்சம் சேரும், ராணியின் தலைநகரான ஸ்மோல்டரிங் சிட்டியில் வாங்கிய மேம்பாடுகளும் அப்படியே இருக்கும். சரி, தோற்றேவிட்டீர்களா? உடனே அடுத்த ஊர் தொடங்கி, முதல் வருடமே ஒரு டேஞ்சரஸ் கிளேடைத் திறந்து பாருங்கள்.