நிவாரணத்துக்கு நண்பர்களோடு போவதா, கோயில் குழுவோடு போவதா?

நான் இரண்டு விதமாகவும் போய் வந்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது காங்கேயத்திலிருந்து ஏழு நண்பர்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்துக்கு எங்கள் ஊர்க் கோயில் அன்னதானக் குழுவோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனேன். இனி யார் கூப்பிட்டாலும் கோயில் குழுவோடுதான் போவேன்.

செலவு, லீவு, வண்டியெல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நண்பர்களோடு என்றால் நினைத்த நேரத்தில் கிளம்பலாம், புயல் அடித்த மூன்றாம் நாளே நாங்கள் பட்டுக்கோட்டையைத் தாண்டிவிட்டோம். தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, அரிசி என்று வேன் நிறைய இருந்தது. மரம் அறுக்கிற மெஷின் ஒன்றும் வாடகைக்கு எடுத்துப் போயிருந்தோம், அது மட்டும் முழுசாகப் பயன்பட்டது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அதைத் தண்ணீர் விட்டு வளர்த்தவனுக்குத்தான் தெரியும், தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து எங்களில் ஒருவன் வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதான்.

ஆனால் கொண்டுபோன பொருளில் பாதி மெயின் ரோட்டிலேயே தீர்ந்துபோனது. வண்டியை மறித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் பசியோடுதான் நின்றார்கள். உள்ளே எந்த ஊருக்கு இன்னும் எதுவும் வரவில்லை என்று சொல்ல எங்களுக்கு அங்கே ஆள் இல்லை. ராத்திரி ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்தோம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. எங்கிருந்தோ குடத்தில் தூக்கிவந்து வைத்திருந்த தண்ணீரை அந்த வீட்டம்மா எங்களுக்கு மொண்டு கொடுத்தார். உதவப் போன ஏழு பேரும் அதை வாங்கிக் குடித்தோம். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போகிற ஊரில் நமக்கு ஒரு ஆளும் இடமும் இருக்கிறதா?

கோயில் குழு தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தாராபுரம் ரோட்டில் பந்தல் போட்டு, பழநிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுகிற குழு. அண்டா, அடுப்பு, சமையல் ஆள் எல்லாம் சொந்தம். வெள்ளச் செய்தி வந்ததும் அவர்கள் பொருள் சேர்க்க ஓடவில்லை, இரண்டு நாள் போன்தான் பேசினார்கள். எனக்குப் பொறுமையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயிலே நின்றுபோயிருக்கிறது, இன்னும் என்ன யோசனை என்று கேட்டேன். மூத்த சமையல்காரர் சொன்னார்: "அரிசி எங்க வேணா வாங்கிக்கலாமுங்க தம்பி. அங்க தண்ணி எங்க எடுக்கறது, ஆருக்குப் போடோணும்னு ஆரு சொல்லுவாங்க, அத மொதல்ல கேக்கோணும்."

கடைசியில் எங்கள் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சிதான் வழி பண்ணினார். அவருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். அவர் ஊர்க் கோயில் தர்மகர்த்தாவிடம் பேசி மண்டபமும், ஜெனரேட்டரில் ஓடுகிற போர் தண்ணீரும் ஏற்பாடு செய்தார். நாலு நாள் அங்கேயே தங்கி, எங்கள் அரிசியை நாங்களே ஆக்கிச் சாப்பிட்டோம். 25 கிலோ சிப்பம் ஒன்றில் 200 பேருக்குக் கலவை சாதம் கிண்டலாம். தினமும் விடியும் முன்னே அந்த ஊர்ப் பையன்கள் வந்து, எந்தத் தெருவில் இன்னும் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள், அதை வைத்துத்தான் அன்றைக்கு உலை வைப்போம். நாங்கள் திரும்பிய பிறகு மிச்ச அரிசியையும் பருப்பையும் அதே பையன்கள் கொடுத்து முடித்தார்கள். வேனில் போனபோது இதில் எதுவுமே எங்களுக்கு அமையவில்லை.

கோயில் குழுவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. முதல் நாள் கோயில் வாசலிலேயே பந்தி போட்டோம். பக்கத்துக் காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை, பள்ளிவாசல் தெருக்காரர்களும் வரவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லைதான், ஆனால் காலம் காலமாக அந்த வாசல் அவர்களுக்கு எப்படி இருந்ததோ, வெள்ளம் வந்ததும் அது மாறிவிடுமா? மறுநாளிலிருந்து அண்டாவை டிராக்டரில் ஏற்றி, தெருத் தெருவாக நாங்களே கொண்டுபோனோம். அப்புறம்தான் எல்லாரும் பாத்திரத்தோடு வந்தார்கள். உங்கள் குழு இதற்குச் சம்மதிக்குமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். சம்மதிக்காது என்றால் நண்பர்களோடு போவதே மேல்.

நான் பார்த்தது புயலும் வெள்ளமும் மட்டும்தான். 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோது நாங்கள் போகவில்லை, மண்ணுக்குள் ஆள் தேடுகிற இடத்தில் பயிற்சி இல்லாதவர்கள் போய் நின்றால் இடைஞ்சல்தான் என்று பட்டது. அதனால் நிலச்சரிவுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் குழுவில் பெண்கள் யாரும் இல்லை, அதுவும் ஒரு குறை. மூன்றாம் நாள் ஒரு அக்கா தயங்கித் தயங்கி வந்து, "தம்பி, கூட பொம்பளையாளு யாரும் வரலியா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பது ராத்திரிதான் எங்களுக்கு உறைத்தது. அடுத்த முறை எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேராவது வர வேண்டும், நாப்கின் பெட்டி அரிசிச் சிப்பத்தோடு சேர்ந்தே ஏற வேண்டும் என்று குழுவில் பேசி முடித்திருக்கிறோம்.