பேசாத முப்பது பேருக்கு எந்த முறை உதவும்? வகுப்பறைக் கற்பித்தல் முறைகள் பற்றி ஓர் ஒப்பீட்டு அலசல்

பிள்ளைகளுக்குப் பேச்சுத்திறன் வளர வேண்டும், சுயமாகச் சிந்திக்கப் பழக வேண்டும் என்று யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் யாராவது சொன்னால், "அப்ப ஒரு விவாதப் போட்டி வைப்பம்" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கிய ஊர் இது. பேச்சு என்றால் மேடை என்று எண்ணுவது நமக்கு இயல்பு. ஆனால் வகுப்பறைக்குள் அந்த மேடைதான் சிறந்த வழியா என்பதை மற்ற முறைகளோடு வைத்துப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

என் அளவுகோல் எளிது. பாடவேளை நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நகரப் பாடசாலை என்றால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். அந்த நேரத்துக்குள் எத்தனை பேர் வாய் திறந்து ஒரு காரணம் சொன்னார்கள்? எத்தனை பேர் இன்னொருவர் சொன்ன காரணத்தைக் கேட்டுத் தங்கள் கருத்தைத் திரும்பப் பார்த்தார்கள்? நன்றாகப் பேசும் ஐந்து பேரை எந்த முறையும் வளர்த்துவிடும். மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் ஒரு முறையின் தரம் தெரியும்.

பட்டிமன்றமும் விவாதமும்

இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது சரியல்ல. பட்டிமன்றத்தில் அணிக்கு மூவர், நடுவர் ஒருவர் என ஏழு பேர் பேசுவார்கள். மீதி முப்பத்துமூன்று பேரும் பார்வையாளர்கள். பேசும் ஏழு பேரிலும் பலர் வீட்டிலோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி வந்திருப்பார்கள். குரல் ஏற்ற இறக்கம், சபைக்கூச்சம் போதல், தெளிவான உச்சரிப்பு எல்லாம் இதனால் கிடைக்கும், குறைத்துச் சொல்லவில்லை. சிந்தனைப் பயிற்சியோ எழுதிக் கொடுத்தவருக்குத்தான் கிடைக்கிறது.

முறையான விவாதம் இதைவிட மேல். அதில் மறுப்புரை இருக்கிறது. எதிரணி என்ன சொல்லும் என்று முன்கூட்டியே தெரியாததால் காது கொடுத்துக் கேட்கவேண்டும், அந்த இடத்திலேயே யோசிக்கவேண்டும். தமிழ் மொழித் தினப் போட்டிகளுக்கு வருடக்கணக்காகப் பழகிய பிள்ளைகளிடம் இந்தத் திறனைக் காணலாம். ஆனால் விவாதத்துக்கும் ஒரு குறை உண்டு. அணி பிரித்த நிமிடத்திலிருந்து வெல்வதே நோக்கமாகிவிடுகிறது. எதிரணி சொன்னது சரி என்று மனதில் பட்டாலும் அதை ஒப்புக்கொள்வது தோல்வி. உண்மையைத் தேடும் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

இருவர் பேச்சு

பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். முதலில் எல்லோரும் தனியாக யோசிக்கவேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசவேண்டும், அதன் பிறகே வகுப்புக்குச் சொல்லவேண்டும். பார்க்க மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாற்பது பேரையும் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் வரும், பாடவேளையும் முடிந்துவிடும். சோடி சோடியாகப் பேசவிட்டால் ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுவார்கள். நான்கு நிமிடத்தில் எல்லோரும் இரண்டு நிமிடம் பேசி முடித்திருப்பார்கள்.

மேடைக்கு இல்லாத இன்னொரு வசதியும் இதற்கு உண்டு. மேடையில் செந்தமிழ் வேண்டும். வீட்டில் "உவன் எங்க போட்டான்" என்று பேசும் பிள்ளை அங்கே வசனத்தைத் திருத்துவதிலேயே பாதி மூளையைச் செலவழிக்கும். பக்கத்து வாங்கில் இருக்கும் நண்பனிடம் அந்தக் கவலை இல்லை. "நீ சொல்லுறது சரி, ஆனா அது எல்லா இடத்துக்கும் பொருந்துமோ?" என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை தன் சொந்த மொழியில் யோசிக்கிறது. முதலில் யோசனை வரட்டும், நடை பிறகு வரும்.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டிய, செலவே இல்லாத ஒன்று காத்திருத்தல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேலாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். வகுப்பில் மூன்று செக்கன் மௌனம் நிற்கும்போது ஆசிரியருக்கு அது மிக நீளமாகத் தெரியும். அதைத் தாங்கப் பழகவேண்டும்.

வாக்களித்து விவாதித்தல்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை. ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் கணநேரம் ஓய்வுக்கு வருகிறது; அந்தக் கணத்தில் அதன் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) என்ன? ஒன்று, பூச்சியம். இரண்டு, மேல்நோக்கி. மூன்று, கீழ்நோக்கிப் புவியீர்ப்பு ஆர்முடுகல். எல்லோரும் நெஞ்சுக்கு நேரே விரலால் காட்டவேண்டும், மற்றவருடைய விரலைப் பார்க்கக்கூடாது. சூத்திரம் எல்லாம் தெரிந்த பிள்ளைகளும் "பூச்சியம்" என்று காட்டுவார்கள், ஏனென்றால் வேகத்தையும் ஆர்முடுகலையும் குழப்பிக்கொள்வது அவ்வளவு எளிது.

சரியான விடையை அப்போதே சொல்லிவிடக்கூடாது. வேறு விரல் காட்டிய ஒருவரைத் தேடிப்பிடித்து அவருக்கு விளங்கப்படுத்தச் சொல்லவேண்டும். பிறகு மீண்டும் வாக்கு. ஏறக்குறைய எல்லோரும் முதலிலேயே சரியென்றாலோ மிகச் சிலரே சரியென்றாலோ இந்த உரையாடலால் பயன் குறைவு. இடைப்பட்ட நிலையில்தான் இது நன்றாக வேலை செய்யும். ஆகவே நல்ல கேள்வியை ஆக்குவதில்தான் ஆசிரியரின் உழைப்பு முழுவதும் இருக்கிறது. இதன் எல்லையும் அதுதான்: ஒரே சரியான விடை உள்ள பாடங்களுக்கே இது பொருந்தும்.

ஜிக்சோ

எலியட் அரொன்சன் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் இதை உருவாக்கினார். கறுப்பின, வெள்ளையின, ஸ்பானிய மொழிப் பிள்ளைகள் முதன்முறை ஒரே வகுப்பில் அமர்ந்து பகைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருந்தால் மற்றவரைக் கேட்காமல் யாராலும் முழுமை பெற முடியாது என்பதே இதன் சாரம்.

தரம் 11 வரலாற்றில் இலங்கையின் அரசியல் யாப்புகள் இதற்கு நன்றாகப் பொருந்தும். நால்வர் கொண்ட பத்துக் குழு. ஒருவருக்கு 1833 கோல்புறூக், ஒருவருக்கு 1931 டொனமூர், ஒருவருக்கு 1947 சோல்பரி, ஒருவருக்கு 1972 குடியரசு யாப்பு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் படிக்கவேண்டும். பத்துப் பேர் ஒன்றாக இருந்தால் இருவர் பேசுவார்கள், எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து ஐந்தாகப் பிரிப்பது அவசியம். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் கற்பிக்கவேண்டும்.

கேட்டல், விளக்கிச் சொல்லல் இரண்டுக்கும் இதற்கு நிகர் இல்லை. விமர்சனச் சிந்தனைக்கோ இது தனியாகப் போதாது. புத்தகத்தில் இருப்பதை ஒருவர் வாயால் மற்றவருக்குக் கடத்துவதோடு நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தை "இந்த நான்கில் எது சாதாரண மக்களின் கைக்கு அதிக அதிகாரத்தைக் கொடுத்தது?" என்பதுபோன்ற, நான்கு துண்டும் சேராமல் விடை சொல்ல முடியாத ஒரு கேள்விக்கு வைத்தால்தான் அந்தக் குறை தீரும்.

பக்கம் மாறும் விவாதம்

என் தேர்வு இதுதான். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜோன்சன், ரொஜர் ஜோன்சன் சகோதரர்கள் வகுத்தது. நால்வர் கொண்ட குழுவில் இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். தயாரித்து வாதிடுவார்கள். பிறகு பக்கம் மாறி, சற்றுமுன் எதிர்த்த வாதத்தைத் தாங்களே முன்வைப்பார்கள். கடைசியில் பக்கங்களைக் கைவிட்டு, நால்வரும் ஒப்பக்கூடிய ஒரு பந்தியைச் சேர்ந்து எழுதுவார்கள்.

நம் மண்ணிலேயே இதற்கு அருமையான தலைப்பு இருக்கிறது. 1931இல் டொனமூர் யாப்பின்படி நாட்டின் சட்டமன்றமான அரசுக் கழகத்துக்கு முதல் தேர்தல் வந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுமையான சுயராச்சியம் தராத யாப்பு என்று சொல்லி அதைப் பகிஷ்கரிக்க அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் வெறுமையாகவே இருந்தன, 1934இல்தான் நிரம்பின. அந்தப் பகிஷ்கரிப்பு சரியா?

ஆம் என்னும் சோடிக்கு நல்ல ஆதாரம் உண்டு. தேசாதிபதியின் விசேட அதிகாரங்கள் அப்படியே இருந்தன. முக்கியமான துறைகள், தெரிவுசெய்யப்படாத மூன்று அரச அதிகாரிகளின் கையில் இருந்தன. அரைச் சுதந்திரத்தை ஏற்றால் அதுவே முழுமை என்றாகிவிடும் என்று வாதிடலாம். இல்லை என்னும் சோடிக்கும் உண்டு. ஆண் பெண் வேறுபாடில்லாத சர்வசன வாக்குரிமையை அதே யாப்புத்தான் தந்தது. ஐம்பது தொகுதிகள் கொண்ட கழகத்தில் ஏழு நிர்வாகக் குழுக்களும் அமைந்து வேலை தொடங்கிய வேளையில் குடாநாட்டின் குரல் அங்கே இல்லை.

பக்கம் மாறும்போதுதான் இந்த முறையின் பெறுமதி தெரியும். 1936இல் அமைந்த அமைச்சர் சபையில் ஒரு தமிழரும் இல்லாமற்போனதற்குப் பகிஷ்கரிப்பே காரணம் என்ற வாதம் எளிதாக எழும், கேட்கவும் வலுவாக இருக்கும். அதை வெல்ல வேண்டிய வாதமாக வைத்திருக்கும்வரை அதைச் சொன்னவர் திகதியைப் பார்க்கமாட்டார். மறுபக்கத்துக்குப் போய் அதை உடைக்கவேண்டி வந்தால் பார்ப்பார்: தொகுதிகள் 1934இலேயே நிரம்பிவிட்டன, 1936இல் தமிழ் உறுப்பினர்கள் கழகத்தில் இருந்தார்கள். அப்படியானால் காரணத்தை வேறிடத்திலும் தேடவேண்டும். இப்படித் தன் வாதத்தின் ஓட்டையைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நாளை முகப்புத்தகத்தில் எதைப் பார்த்தாலும் "இது எப்ப நடந்தது, யார் சொன்னது?" என்ற கேள்வி வரும். நமது சமூகத்தில் கசப்பான வரலாற்றுக் கேள்விகளை, எதிர்த்தரப்பைத் துரோகி என்று சொல்லாமல் பேசப் பழகுவதற்கும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

குறை, நேரம். ஒரு பாடவேளை போதாது, அடுத்தடுத்து இரண்டு வேண்டும். சிறு கட்டுரை, நாட்குறிப்பு, பத்திரிகைத் துணுக்கு என்று இரு பக்கத்துக்கும் வாசிப்புத் தாள் ஆசிரியர் தயாரிக்கவேண்டும். ஆண்டில் ஓரிரு தடவை என்று வைத்தால் முடியும்.

பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுத்து ஆராயும் செயற்றிட்டம் என்ற முறை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடுவது உரத்தாலா மலக்குழியாலா என்று கிணறு கிணறாகப் பார்ப்பது உண்மையான ஆராய்ச்சி. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்திருக்கும் எல்லையை நமது கிணற்றோடு ஒப்பிடும் பிள்ளைக்கு இரசாயனம் மறக்காது. ஆனால் புள்ளிக்காகச் செய்யப்படும் பல செயற்றிட்டங்களில் பிள்ளையின் வேலை அட்டை ஒட்டுவது மட்டுமே.

ரியூசனும் சத்தமும்

"இதெல்லாம் செய்தால் சிலபஸ் முடியாது" என்பதுதான் எல்லா ஆசிரியர்களும் சொல்லும் மறுப்பு. அது பொய்யல்ல. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மண்டபத்தில் இருந்து குறிப்பெழுதும் ரியூசன் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேச வாய்ப்பே இல்லை. பேசக்கூடிய ஒரே இடம் பாடசாலைதான். அங்கேயும் குறிப்பே சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வேலை நடக்கிறது. ரியூசன் போக வசதியில்லாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் குறிப்பை அச்சடித்துக் கொடுத்துவிட்டு நேரத்தைப் பேச்சுக்கு விடலாம்.

புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு என் யோசனை: முதல் தவணை முழுவதும் காத்திருத்தலும் இருவர் பேச்சும் மட்டும். பிள்ளைகள் பழகியபின் விஞ்ஞானத்தில் வாக்கெடுப்பு, வரலாறு, குடியியலில் ஜிக்சோ. ஆண்டில் ஓரிரு தடவை பக்கம் மாறும் விவாதம். தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேரே உள்ள பாடசாலைகள் அதைத் தவணைதோறும் செய்யலாம். இந்த விஷயத்தில் பெரிய கல்லூரிகளைவிட அவர்களுக்குத்தான் வசதி.

அதிபர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இருபது சோடி பேசும் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும். விறாந்தையால் போகும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு "என்ன ரீச்சர், வகுப்பு கட்டுப்பாட்டில இல்லையோ?" என்று கேட்காதீர்கள். உள்ளே வந்து ஒரு சோடியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று, அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் யாரைக் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியரின் வேலையைப் பற்றிய உங்கள் குறிப்பை அதன் பிறகு எழுதுங்கள்.