குன்னூர் ஸ்டேஷன்: ஊட்டி அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்

மலை ரயில் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஊட்டியில் போய்த்தான் முடிப்பார்கள். என் ஓட்டு குன்னூருக்கு.

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டி பிடித்தோம். கல்லாறு தாண்டியதும் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல் வைத்த பட்டையை இன்ஜினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றால் சும்மாவா. இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முன்பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கொடி காட்டுவதை ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறவர் பார்த்துப் பார்த்துப் பின்னால் இன்ஜின் டிரைவர் வரை கடத்துகிறார். எனக்குப் பள்ளத்தாக்கைவிட அதுதான் வேடிக்கையாக இருந்தது.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுகிறார்கள். உட்கார்ந்திருக்காதீர்கள், இறங்கிப் போய்ப் பாருங்கள். நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கேனோடு ஒருவர் சக்கரங்களுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார், அடியிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இன்ஜின் ஷெட்டும் பக்கத்திலேயே.

இந்தப் பாதைக்கு 1854-லேயே பேச்சு எழுந்து, 1891-இல்தான் வேலை தொடங்கியது. 1899-இல் ரயில் வந்தது குன்னூர் வரைக்கும்தான், ஊட்டியை எட்ட 1908 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் இதுதான் கடைசி ஸ்டேஷன். அந்த அடையாளம் இன்னும் போகவில்லை: ஊட்டி வண்டி இங்கிருந்து நேரே கிளம்ப முடியாது, கொஞ்ச தூரம் பின்னால் போய் அப்புறம்தான் மேலே ஏறும். எங்கள் பெட்டியில் ஒரு பாட்டி, “அய்யோ, திரும்ப மேட்டுப்பாளையத்துக்கே கூட்டிட்டுப் போறாங்களா?” என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேரன் சிரித்தான், ஆனால் அவனுக்கும் காரணம் தெரியவில்லை.

குறை என்று பார்த்தால், இரண்டாம் வகுப்பில் எதிரே இருப்பவர் முழங்காலோடு உங்கள் முழங்கால் இடிக்கும். வெளியே ஒரு கடையில் குடித்த டீ வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஆனால் வர்க்கி மொறுமொறுவென்று இருந்ததால் மன்னித்துவிட்டேன்.

டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லையா, பஸ்ஸில் குன்னூர் வந்து காலை வண்டி ஏறி வருவதை நின்று பாருங்கள், பிறகு அங்கிருந்து ஊட்டிக்கு வேறு வண்டிகளும் உண்டு. ஐப்பசி மழையில் மண் சரிந்தால் கீழ்ப்பாதையில் ரயில் ஓடாது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.