பத்மினியின் பீடிங் ஓட்டைகள்: ஆறு மழைக்காலத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 1984 பிரீமியர் பத்மினி கார். 2019இல் மொத்தமாகப் பிரித்து வேலை பார்த்தபோது எஞ்சினை விட என்னை அதிகம் படுத்தியவை பக்கவாட்டு ஓட்டைகள்தான். முன்பு வைத்திருந்தவர் கடையில் விற்கும் ஸ்டீல் பீடிங்கை, அதாவது பக்கவாட்டில் அழகுக்கு ஓடும் பட்டையை வாங்கி, கதவு, மட்கார்டு என்று பார்க்காமல் ஸ்க்ரூ அடித்து வைத்திருந்தார். கழற்றிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 31 ஓட்டை. பாதிக்கு மேல் 4 மி.மீ., துருவில் அகண்டவை 8 வரை. டிக்கி மூடியில் இன்னும் நான்கு. யாருடைய பெயரோ பித்தளை எழுத்தில் அங்கே இருந்திருக்கிறது.

"தம்பி, இதெல்லாம் ஒரு விஷயமா? பட்டி பார்த்தா தெரியவே தெரியாது" என்றார் டிங்கர் அண்ணன். பட்டி என்பது பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பப் பூசும் பசை. சரி என்று இடது பக்கத்தை அவரிடம் விட்டேன். வலது பக்கத்தை நானே சிஓடூ வெல்டிங்கில் (கரியமில வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டுவது) அடைத்தேன். டிக்கிக்கு இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி பசை. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டமெல்லாம் இல்லை, கையில் காசு இருந்த நாளுக்கு ஏற்ப முறை மாறியது, அவ்வளவுதான்.

பெயிண்ட் அடித்து வந்த அன்று இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அண்ணன் சொன்னது அன்றைக்கு உண்மை. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் இடது கதவில் வேர்க்குரு மாதிரி வரிசையாகப் புள்ளிகள் கிளம்பின. மூன்றாவது வருடம் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பட்டி அப்படியே உள்ளே போய்க் கதவுக்குள் விழுந்தது.

காரணம் எளிது. கார்க் கதவின் உள்பக்கம் நனையாமல் இருக்காது. கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக மழைநீர் இறங்கும், அடியில் உள்ள வடிகால் துளைகளில் வெளியேறும். கதவே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. வெளியே பட்டிக்கு மேல் பிரைமர், பெயிண்ட் என்று எல்லாம் இருக்கிறது. உள்ளே ஓட்டை வழியாகப் பிதுங்கிய பட்டி வெறுமனே நிற்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும், ஓட்டையின் விளிம்பு துருப்பிடித்து உப்பும், பெயிண்ட் தூக்கும். வீடு திருவான்மியூரில், கடல் பக்கம் என்பதால் கொஞ்சம் சீக்கிரமே நடந்திருக்கலாம்.

வெல்டிங் கதை வேறு. முதல் ஓட்டையிலேயே சூடு அதிகமாகி 4 மி.மீ. துளை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உருகிப் போனது. தகடே ஒரு மி.மீ. கனம்தான். 0.8 மி.மீ. வெல்டிங் கம்பியை மாற்றி 0.6 போட்டேன், வெறும் கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கான் கலவை. ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாய்த் துண்டைத் தட்டித் தட்டையாக்கிப் பின்னால் அண்டக் கொடுத்தேன். இரும்பு செம்பில் ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட வேண்டும், கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியபின்தான் திரும்பி வர வேண்டும். அவசரப்பட்ட இடத்தில் தகடு குழிந்துவிட்டது. வெல்டிங் ஆறும்போது சுருங்கிச் சுற்றிலும் இழுக்கும். பின்னால் டாலி என்கிற தாங்கு இரும்பை வைத்து அந்தப் பொட்டின் மேலேயே சுத்தியலால் தட்டினால் விரிந்து கொடுக்கும். 8 மி.மீ. ஓட்டைகளுக்கு அதே கனத் தகட்டில் வில்லை வெட்டி வைத்தேன். கிரைண்டரை ஒரே இடத்தில் பிடித்தால் அதுவரை பட்ட பாடு வீண், தகடு சூடேறி நீலமாகிவிடும்.

ஆறு வருடத்தில் வலது பக்கத்தில் ஒரே ஒரு இடம் கெட்டது. பின்கதவில் பழுப்புக் கறை. கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் தப்பு என்னுடையது. வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துவிடும் என்று தெரிந்துதான் வளைந்த பிரஷ்ஷால் எல்லா இடத்துக்கும் எபாக்ஸி பிரைமர் பூசினேன். கண்ணாடி ஓடும் சேனலுக்குப் பின்னால் இருந்த அந்த ஒன்றுக்கு மட்டும் பிரஷ் எட்டவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன். ஆக, வெல்டிங்கோ பட்டியோ, எல்லாமே கெட்டது தகட்டின் பின்பக்கத்தில் இருந்துதான். இப்போது நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயில் உள்ளே மெழுகு அடித்துவிடுகிறேன்.

டிக்கி எபாக்ஸி இன்னும் உறுதியாக நிற்கிறது, துரு இல்லை. ஆனால் உச்சி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நான்கு மெல்லிய வட்டங்கள் தெரியும். எபாக்ஸி இரும்பை விடப் பல மடங்கு விரியும், என் வண்டியோ கரும்பச்சை, சூட்டைக் குடிக்கிற நிறம். வெள்ளை வண்டியாக இருந்திருந்தால் நானே கவனித்திருக்க மாட்டேன்.

இடது பக்கத்தைத் தைக்குப் பிறகு பிரித்துவிட்டேன். பட்டியைச் சுரண்டினால் 4 மி.மீ. ஓட்டைகள் எல்லாம் இப்போது 9, 10. வில்லை வெட்டிக்கொண்டிருக்கிறேன். முன் மட்கார்டில் ஏரியல் ஓட்டை ஒன்று பாக்கி. அதை அடைக்கப் போவதில்லை. புதுப்பேட்டையில் பழைய ஏரியல் ஒன்று கிடைத்தது, கீழே ரப்பர் வாஷர் போட்டு மாட்டியாயிற்று. ரேடியோதான் இல்லை.