பேஸ் கிளாஸா, தனித்தனித் துண்டுகளா?

ரங்கூன் தமிழ்க் கோயில்களின் விழா நாட்காட்டிக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதியபோது, முதல் வேலையாக ஒரு பேஸ் ஆக்டிவிட்டி, அதாவது எல்லாத் திரைக்கும் தாயாக நிற்கும் பேஸ் கிளாஸ், போட்டோம். மொழி மாற்றம், லோடிங் சுழலி, இணையம் இல்லையென்ற அறிவிப்பு எல்லாம் அதற்குள். புதுத் திரையை அதன் பிள்ளையாக எழுதினால் (இன்ஹெரிட் செய்தால்) போதும், எதுவும் விட்டுப்போகாது. புதிதாகச் சேர்ந்த தம்பிகூட மறக்க வழியில்லை என்பது பெரிய பலம்.

பர்மிய மொழிக்கான பழைய எழுத்துக் குறியீடான ஸோஜியில்தான் அடி விழுந்தது. உலகப் பொதுக் குறியீடான யூனிகோடும் ஸோஜியும் ஒரே குறியீட்டு எண்களை வெவ்வேறு பர்மிய எழுத்துகளுக்குப் பயன்படுத்துகின்றன. மியான்மர் 2019 அக்டோபர் 1-இல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் பழைய போன்களிலிருந்து ஸோஜி வந்துகொண்டே இருந்தது. அதை மாற்றும் வேலையையும் பேஸ் கிளாஸின் ஆன்ரெஸ்யூமில், அதாவது திரை முன்னே வரும்போதெல்லாம் ஓடும் பகுதியில், வைத்தோம். திரையிலுள்ள எழுத்தையெல்லாம் தேடிப் பிடித்து மாற்றும். வேறு திரைக்குப் போய்த் திரும்பினால் ஆன்ரெஸ்யூம் மறுபடி ஓடும். இது யூனிகோடா, ஸோஜியா என்று கண்டுபிடிக்கும் நிரல் சின்னப் பெயர்களில் தடுமாறும். அதனால் சரியாக இருந்ததும் இரண்டாம் முறை மாறிச் சிதைந்தது. பட்டியலை உருட்டும்போது புதிதாக வரும் வரிகளோ மாறாமலே நின்றன. நன்கொடைப் பட்டியலில் தன் பர்மியப் பெயர் குலைந்திருப்பதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, எம் பேரையே காணோமே" என்று போன் செய்தார். அன்று எனக்குத் தூக்கமில்லை.

எழுத்து மாற்றம் திரையின் வேலையே அல்ல. தரவு உள்ளே நுழையும் இடத்தில் ஒரே முறை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

பிறகு செட்டிங்ஸ் திரை. அது செட்டிங்ஸுக்கென்றே உள்ள பிரிஃபரென்ஸ் ஃபிராக்மென்ட் என்ற கிளாஸின் பிள்ளையாக வரவேண்டும். நாங்கள் எழுதும் கோட்லின் மொழியில் ஒரு கிளாஸுக்கு ஒரே தாய்தான். கீழிருந்து எழும் பாட்டம்ஷீட்டுக்கும் இதே கதை. ஒரே பேஸ் கிளாஸை மூன்று பிரதி எடுத்துப் பராமரித்தோம். ஒன்றில் திருத்தியது மற்றதில் விட்டுப்போகும்.

பொது வேலைகளை ஒரே தாயில் குவிக்காமல், தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தால் இந்த முட்டல் இல்லை. திரை தோன்றுவதையும் மறைவதையும் தெரிவிக்கும் லைஃப்சைக்கிள் நூலகத்தை 2017-இல் கூகுள் கொண்டுவந்தது. அதனால் இணையக் கண்காணிப்பை, அவற்றைக் கவனித்து இயங்கும் தனி அப்சர்வராக எழுதி, எந்தத் திரையிலும் ஒரே வரியில் சேர்க்கலாம். வியூ அழியும்போது பைண்டிங்கை (திரையின் உறுப்புகளை நிரலோடு இணைக்கும் பொருளை) விடுவிக்க, ஒரு வேலையை வேறொரு கிளாஸிடம் ஒப்படைக்கும் கோட்லினின் 'பை' டெலிகேட் போதும். தனித்தனியாகச் சோதிக்கலாம். குறை, அந்த ஒரு வரியை எழுத மறக்கலாம் என்பதுதான். எல்லாத் திரைக்கும் கட்டாயமானதை செயலி முழுவதற்கும் பொதுவான அப்ளிகேஷன் கிளாஸில், ஒவ்வொரு திரைக்கும் தானாக ஓடும் ஆக்டிவிட்டி லைஃப்சைக்கிள் கால்பேக்காகப் பதிந்தால் அதற்கும் மருந்து கிடைக்கும்.

என் தேர்வு துண்டுகள்தான். ஓவர்ரைடு செய்தே (தாய் கிளாஸில் உள்ளதை மாற்றி எழுதியே) தீரவேண்டியதற்கு மட்டும் பேஸ் கிளாஸ். எங்களுக்கு அப்படி மிஞ்சியது, தமிழுக்கும் பர்மியத்துக்கும் மொழி மாற்றும் அட்டாச்பேஸ்கான்டெக்ஸ்ட் என்ற ஒரு ஃபங்ஷனே. 2023-இல் வந்த ஆப்காம்பாட் நூலகத்தின் 1.6 பதிப்பு, செயலிக்கென்று தனி மொழி வைக்கும் வசதியைப் பழைய ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தது. அதற்கு மாறிய அன்று பேஸ் ஆக்டிவிட்டி கோப்பையே அழித்துவிட்டோம்.